எல்லை தாண்டும் மின்சாரம்: குரூணிலிருந்து ஓர் எளிய விளக்கம்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் குரூண், சுற்றியுள்ள தோட்டங்களை நம்பி வளர்ந்த சிறு பட்டணம். தோட்டத்து லயன் வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த நம் மக்கள் பலர் இன்று இவ்வூரைச் சுற்றித்தான் வாழ்கிறார்கள். இங்குள்ள மின்நிலையம் ஒன்றிலிருந்து புறப்படும் உயர் அழுத்த மின்தடம், மலேசிய மண்ணில் 86 கிலோமீட்டரும் தாய்லாந்து மண்ணில் 24 கிலோமீட்டரும் ஓடி, சொங்க்லா மாநிலத்தில் குலோங் ஙே என்னும் இடத்தில் முடிகிறது. இந்த 110 கிலோமீட்டர் கம்பியின் வழியாக இரண்டு நாடுகள் ஒன்றுக்கொன்று மின்சாரம் கொடுத்து வாங்குகின்றன. அந்தக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது என்னவென்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. செம்பனை ஆலை ஒன்றில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக வேலை பார்த்தவன் என்ற முறையில், பள்ளிப் படிப்பைத் தாண்டி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லாத அளவுக்கு அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில், பக்கத்து நாட்டோடு மின்சாரத்தைப் பகிர வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அரிசியை மூட்டையில் கட்டி வைக்கலாம், எண்ணெயைப் பீப்பாயில் நிரப்பி வைக்கலாம். மின்சாரத்தையோ பெரிய அளவில் சேர்த்து வைப்பது இன்றும் செலவு மிகுந்த காரியம். ஆகவே நாடு முழுவதும் ஒரு நொடியில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ, அதே நொடியில் அவ்வளவு மின்சாரம் உற்பத்தியாக வேண்டும். நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாயங்காலம் ஆறரை மணிக்குத் தோட்டத்து டீசல் எஞ்சினை ஓட்டுவார்கள். லயன் வீடுகளில் பல்புகள் எரியும். இரவு பத்து மணிக்கு எஞ்சின் நிற்கும், மறு நொடி வரிசை முழுவதும் இருளாகிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் எஞ்சின் முனகுவதும் பல்பின் வெளிச்சம் மங்குவதும் அந்தக் காலத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. எஞ்சின் பழுதானால் மண்ணெண்ணெய் விளக்குத்தான் கதி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வெளிச்சம் தெரியும். ஆனால் இரண்டு தோட்டங்களுக்கும் இடையே கம்பி கிடையாது.

ஒரு நாட்டின் மின்கட்டமைப்பும் அளவில் பெரிய அந்தத் தோட்டத்து எஞ்சின்தான். ஓர் உற்பத்தி அலகு திடீரென்று நின்றால், அதன் இடத்தை நிரப்ப இன்னோர் அலகு தயாராகச் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். பேராக்கின் மஞ்சோங் நிலையத்தில் உள்ள பெரிய அலகு ஒன்று மட்டுமே சுமார் 1,000 மெகாவாட் தரக்கூடியது. அப்படிப்பட்ட ஒன்று விழுந்தால் தாங்குவதற்காக, எந்நேரமும் வேறு அலகுகளை முழுத் திறனுக்குக் கீழே ஓட்டி, கையிருப்பு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கையிருப்பு சும்மா கிடைப்பதில்லை. அதற்கும் எரிபொருளும் பணமும் செலவாகின்றன. அண்டை நாடும் அதே காரணத்துக்காகத் தனியே ஒரு கையிருப்பை வைத்திருக்கிறது. இருவருக்கும் இடையே ஒரு கம்பி இருந்தால், இருவருடைய பெரிய அலகும் ஒரே நேரத்தில் விழுவது அரிது என்பதால், ஒருவர் கையிருப்பு மற்றவருக்கும் உதவும்.

இன்னொரு காரணம், தேவை உச்சத்தைத் தொடும் நேரம் நாட்டுக்கு நாடு மாறுவது. மலேசியாவில் ஹரிராயா விடுமுறைக்குத் தொழிற்சாலைகள் மூடும்போது மின்தேவை இறங்கும். தாய்லாந்தில் ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான் புத்தாண்டுக்கு இறங்கும். தாய்லாந்தின் ஹட்யாய் நகரமும் குரூணும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருந்தாலும், மலேசியக் கடிகாரம் தாய்லாந்துக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை முன்னால் நகர்த்தியதிலிருந்து இந்த இடைவெளி இருக்கிறது. இங்கே அலுவலகங்கள் மூடிக் குளிர்சாதனங்கள் நிற்கும் ஐந்து மணிக்கு, அங்கே நான்கு மணிதான். வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும். மேலே இருப்பது ஒரே சூரியன்தான் என்றாலும், மின்தேவை பெரும்பாலும் கடிகாரத்துக்குத்தான் கட்டுப்படுகிறது.

அடுத்து, உயர் அழுத்தம் எதற்கு என்ற கேள்வி. கம்பி எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு மின்தடை உண்டு. மின்னோட்டம் அதன் வழியே பாயும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அந்த வீணாகும் அளவு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 1 ஓம் மின்தடை உள்ள ஒரு கம்பியின் வழியே 2,300 வாட் அனுப்ப வேண்டும். வீட்டு அழுத்தமான 230 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் பாயும். கம்பியில் 100 வாட் வீணாகும். அழுத்தத்தைப் பத்து மடங்காக்கி 2,300 வோல்ட்டில் அனுப்பினால் 1 ஆம்பியர் போதும். வீணாவது 1 வாட் மட்டுமே. அழுத்தம் பத்து மடங்கு உயர்ந்தால் இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. தீபகற்பத்தின் பெரிய மின்தடங்கள் 132, 275, 500 கிலோவோல்ட் என்ற அழுத்தங்களில் ஓடுவதற்கு இதுவே காரணம். குரூண் எல்லைத் தடத்தின் அழுத்தம் 300 கிலோவோல்ட், அதன் திறன் 300 மெகாவாட். ஆகவே முழு அளவில் ஓடும்போது அதில் 1,000 ஆம்பியர் பாய்கிறது. அதே ஆற்றலை 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 13 லட்சம் ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் கம்பியைச் செய்யவே முடியாது.

இதுவரை சொன்னது எந்த மின்தடத்துக்கும் பொருந்தும். எல்லை தாண்டும் இணைப்பின் உண்மையான சிக்கல் இனிமேல்தான் தொடங்குகிறது. அது தாளத்தைப் பற்றியது.

நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். அது ஒரே பக்கமாக ஓடாமல் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அசைகிறது. இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். ஜொகூர் முதல் பெர்லிஸ் வரை ஒரே கட்டமைப்பில் இணைந்து ஓடும் பெரிய மின்னாக்கிகள் எல்லாம் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைத்தாக வேண்டும். தேவை கூடினால் எல்லாம் சேர்ந்து சற்று மெதுவாகும். தேவை குறைந்தால் சேர்ந்து சற்று வேகமாகும். தாளம் தப்பியவனுக்குத் தேர் வடத்தில் இடமில்லை.

தாளம் தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் ஆலையில் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். செம்பனை ஆலைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்பவை. செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றுகிறோம். காலையில் கொதிகலன் சூடேறும்வரை ஜென்செட் என்னும் டீசல் மின்னாக்கி ஓடும். நீராவி அழுத்தம் போதிய அளவு வந்ததும் டர்பைனை ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஜென்செட்டோடு சேர்த்து, சுமையை மெல்ல மாற்றிவிட்டு, ஜென்செட்டை நிறுத்த வேண்டும். இந்தச் சேர்க்கும் வேலைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: இரண்டின் அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டின் அதிர்வெண்ணும் சமமாக இருக்க வேண்டும், இரண்டின் அலையும் ஒரே நேரத்தில் உச்சியைத் தொட வேண்டும். சுவிட்ச் பலகையில் சின்க்ரோஸ்கோப் என்னும் கருவி இருக்கும். பார்ப்பதற்கு ஒற்றை முள் கடிகாரம் போன்றது. டர்பைன் வேகமாக இருந்தால் முள் வலமாகச் சுற்றும், மெதுவாக இருந்தால் இடமாகச் சுற்றும். டர்பைனின் வேகத்தை இழையிழையாகத் திருத்தி, முள் வலப்பக்கமாக மிக மெதுவாக நகரும்படி செய்து, அது பன்னிரண்டு மணி இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வரும்போது பிரேக்கர் என்னும் பெரிய சுவிட்சை மூடி இரண்டையும் இணைக்க வேண்டும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், "முள்ளைத் துரத்தாதே தம்பி, அது உன்னிடம் வரட்டும்" என்பார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பொறுமையிழந்து, முள் நான்கு மணிப் பக்கம் இருக்கும்போதே மூடிவிட்டார். இயந்திரத்தின் அடித்தளம் அதிர்ந்தது. இடி விழுந்தது போல ஒரு சத்தம். இரண்டு பிரேக்கர்களும் ஒருசேரத் தெறித்துத் திறந்தன. ஆலை முழுவதும் இருண்டது. அவிகலனில் பழக்குலைகள் பாதி வெந்தபடியே நின்றன. டர்பைனின் இணைப்புத் தண்டு முறியாமல் தப்பியதே பெரிய பேறு.

சில நூறு கிலோவாட் இயந்திரம் இரண்டு மோதிக்கொண்டதற்கே இப்படி என்றால், பல ஆயிரம் மெகாவாட் உள்ள இரண்டு நாடுகளின் கட்டமைப்புகளை ஒரே தாளத்தில் கட்டிப்போடுவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று எண்ணிப் பாருங்கள். தாய்லாந்தும் 50 ஹெர்ட்ஸ், நாமும் 50 ஹெர்ட்ஸ். ஆனால் பெயரளவில் ஒன்றாக இருப்பது வேறு, நொடிதோறும் ஒன்றாகவே நடப்பது வேறு. அங்கே 49.95 இருக்கும்போது இங்கே 50.03 இருக்கலாம். இரண்டு பெரிய கட்டமைப்புகளை ஒல்லியான ஒரே தடத்தால் இணைத்து ஒரே தாளத்தில் ஓட்ட முயன்றால், ஒரு பக்கத்துச் சிறு தடுமாற்றம்கூட அந்தத் தடத்தில் பெரும் ஊசலாட்டமாக மாறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஒருவர் வீழ்ச்சி மற்றவரையும் இழுத்துக்கொள்வது. 2003 செப்டம்பர் 28 அதிகாலையில், சுவிட்சர்லாந்தில் ஒரு மின்தடம் மரத்தை நெருங்கித் தீப்பொறி பாய்ந்து துண்டிக்கப்பட்டது. அந்தத் தடம் சுமந்த மின்சாரம் பக்கத்துத் தடங்களுக்குப் பாய்ந்தது; அவை தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன; அரை மணி நேரத்துக்குள் இத்தாலி தன் அண்டை நாடுகளிடமிருந்து முற்றிலும் பிரிந்து, ஐந்து கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருளில் மூழ்கினர். சார்டினியா தீவு மட்டும் தப்பியது. இத்தாலியின் பெருநிலத்தோடு அதை இணைத்திருந்தது நேர்திசை மின்வடம். பெருநிலத்தின் தாளம் குலைந்தபோது அந்தக் குலைவு வடத்தின் வழியே தீவுக்குப் போகவில்லை. நம் நாட்டிலும் 1996 ஆகஸ்ட் 3 மாலையில் தீபகற்பம் முழுவதும் பல மணி நேரம் இருண்டது வயதில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திரெங்கானுவின் பாக்கா பகுதியில் தொடங்கிய கோளாறு, ஒரே தாளத்தில் கட்டப்பட்டிருந்த கட்டமைப்பு முழுவதையும் வீழ்த்தியது.

நேர்திசை மின்னோட்டம் என்பது டார்ச் லைட் பேட்டரியில் இருப்பது போன்றது. ஒரே திசையில், ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடும். அதற்குத் தாளமே கிடையாது. தாளமில்லாத ஒன்றை இரண்டு தாளங்களுக்கு நடுவே வைத்தால், இரண்டு பக்கமும் தத்தம் நடையில் நடக்கலாம். ஆற்றல் மட்டும் கைமாறும். உயர் அழுத்த நேர்திசை இணைப்பின் கருத்து முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

குரூணில் நடப்பது இதுதான். தீபகற்பத்தின் 275 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரம் முதலில் டிரான்ஸ்பார்மருக்குள் போகிறது. அங்கிருந்து வால்வுக் கூடம் என்னும் உயர்ந்த கட்டடத்துக்குள் நுழைகிறது. வால்வு என்ற பெயர் மிகப் பொருத்தமானது: சைக்கிள் டியூப் வால்வு காற்றை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாதது போல, இங்குள்ள தைரிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவிகள் மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும். அதிலும் ஒரு கூடுதல் வசதி: எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆணையிடலாம். ஒரு தைரிஸ்டர் தாங்குவது சில ஆயிரம் வோல்ட்டுகள்தான் என்பதால், பலவற்றைச் சரமாகத் தொடுத்து ஒரு வால்வாகக் கட்டுகிறார்கள். அலை மேலே வரும்போது ஒரு வால்வும், கீழே போகும்போது வேறொரு வால்வுமாக முறை வைத்துத் திறந்து, முன்னும் பின்னும் அசையும் மின்னோட்டத்தை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. மிச்சமிருக்கும் சிறு அலைகளைப் பெரிய கம்பிச்சுருள் ஒன்று தணிக்கிறது. அதன்பின் 300 கிலோவோல்ட் நேர்திசை மின்சாரமாக அது வடக்கே புறப்படுகிறது. குலோங் ஙேயில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது: அங்குள்ள வால்வுகள் தாய்லாந்துக் கட்டமைப்பின் தாளத்தைக் கேட்டு, அந்தத் தாளத்துக்கு ஏற்ப நேர்திசை மின்னோட்டத்தை நறுக்கி, 230 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரமாக ஒப்படைக்கின்றன. திசை மாற்ற வேண்டுமானால் இரண்டு நிலையங்களும் தம் பணியை மாற்றிக்கொள்ளும்.

இதில் கிடைக்கும் கட்டுப்பாடு மாறுதிசை இணைப்பில் எளிதாகக் கிடைக்காது. மாறுதிசைக் கட்டமைப்பில் மின்சாரம் தனக்கு எளிதான வழியில் போகுமே தவிர, நாம் நினைத்த கம்பியில் நினைத்த அளவு போகாது. நேர்திசை இணைப்பில் 120 மெகாவாட் என்று ஆணையிட்டால் 120 மெகாவாட் போகும். அண்டை நாட்டோடு விலை பேசி விற்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

தைரிஸ்டருக்கு ஒரு குறையும் உண்டு. திறக்கச் சொன்னால் திறக்கும்; மூடச் சொன்னால் மூடாது. மறுபக்கத்து மாறுதிசை அலைதான் அதை மூடித்தர வேண்டும். ஆகவே மறுபக்கத்துக் கட்டமைப்பு உயிரோடு இருந்தால்தான் இந்த இணைப்பு வேலை செய்யும். முற்றிலும் இருண்டுபோன கட்டமைப்பை இதனால் தனியே எழுப்ப முடியாது. இப்போது பல நாடுகளில் கட்டப்படும் புதிய வகை நிலையங்களில், திறக்கவும் மூடவும் கூடிய டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்துவதால் இந்தக் குறை நீங்கியிருக்கிறது.

மலேசியாவும் தாய்லாந்தும் தொடக்கத்திலேயே இந்த வழிக்கு வந்துவிடவில்லை. 1981-ஆம் ஆண்டில் பெர்லிஸின் சுப்பிங்குக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள சடாவுக்கும் இடையே சுமார் 80 மெகாவாட் அளவில் ஒரு மாறுதிசை இணைப்பு அமைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2001, 2002 காலப்பகுதியில்தான் மலேசியாவின் மின்நிறுவனமான தெனாகா நேஷனலும் தாய்லாந்து மின்னுற்பத்தி ஆணையமும் சேர்ந்து குரூண் நேர்திசை இணைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவந்தன.

நேர்திசை இணைப்பு என்றாலே வெகு தூரத்துக்குத்தான் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மை. மாற்றி நிலையங்கள் மிகுந்த விலையுள்ளவை; ஆனால் நேர்திசைத் தடத்துக்குக் கம்பி குறைவு, இழப்பும் குறைவு. தரையில் ஓடும் தடம் 600, 800 கிலோமீட்டர் அளவைத் தாண்டினால்தான், கம்பியில் மிச்சமாகும் பணம் நிலையத்துக்கான செலவை ஈடுகட்டும். தமிழ்நாட்டில் கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் தடம் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளமானது; அங்கே தூரமே காரணம். குரூண் தடமோ வெறும் 110 கிலோமீட்டர். தூரத்தை மட்டும் பார்த்தால் இங்கே மாறுதிசைத் தடமே மலிவு. இரண்டு கட்டமைப்புகளின் தாளத்தைப் பிணைக்காமல் இருப்பதற்கும், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கையில் வைத்திருப்பதற்கும்தான் இங்கே நேர்திசையைத் தேர்ந்தார்கள்.

கடலடி வடங்களின் கதை வேறு. தரைத் தடத்தில் கம்பியைச் சுற்றிக் காற்று இருக்கிறது. கடலடி வடத்தில் உலோகக் கம்பியைச் சுற்றி மின்காப்பும், அதைச் சுற்றி உலோக உறையும் இருக்கின்றன. நடுவில் மின்காப்பு, இருபுறமும் உலோகம் என்றால் அது மின்தேக்கி. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை அந்த மின்தேக்கியை ஒரு பக்கமாகவும் மறு பக்கமாகவும் நிரப்பியாக வேண்டும். வடம் நீள நீள, அதை நிரப்புவதற்கே மின்னோட்டம் போய்விடும். மறுகரைக்குப் போய்ச் சேர மிச்சம் இராது. ஓட்டை வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைமடைக்கு எட்டாத நிலைதான். நேர்திசை மின்சாரமோ வடத்தை ஒரே ஒரு முறை நிரப்பினால் போதும். அதன்பின் அனுப்புவது முழுவதும் மறுகரைக்குப் போகும். இதனால்தான் 1954-இல் சுவீடன் தன் கரையிலிருந்து கோட்லாந்து தீவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடலடி வடத்தை நேர்திசையில் போட்டது. ஊனோ லம் என்னும் பொறியாளர் உருவாக்கிய பாதரச வால்வுகளைக் கொண்டு 100 கிலோவோல்ட்டில் 20 மெகாவாட் அனுப்பியதே உலகின் முதல் வணிகக் கடலடி நேர்திசை இணைப்பு. இன்று நார்வேக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 720 கிலோமீட்டர் வடம் 1,400 மெகாவாட் சுமக்கிறது. நார்வேயில் மலைநீர் அணைகள், இங்கிலாந்தில் காற்றாலைகள். காற்று வீசும்போது அணைநீர் சேமிக்கப்படுகிறது, காற்று அடங்கும்போது அணைநீர் திறக்கப்படுகிறது.

ஜொகூர் நீரிணை ஒரு கிலோமீட்டர் அகலத்தை ஒட்டிய குறுகிய கடல் என்பதால், சிங்கப்பூரோடு நமக்குள்ள இணைப்பு மாறுதிசை வடங்களாகவே இருக்கிறது. 1980-களிலிருந்து இரண்டு கட்டமைப்புகளும் ஒரே தாளத்தில் நடந்து, அவசரத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வருகின்றன. சரவாக்கின் பாக்குன் அணையிலிருந்து தீபகற்பத்துக்கு மின்சாரம் கொண்டுவரத் திட்டமிட்டபோது, தென்சீனக் கடலுக்கு அடியே 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் என்பதால் நேர்திசை தவிர வேறு வழியே இல்லை. 1997-இன் நிதி நெருக்கடியில் அந்த வடம் கைவிடப்பட்டது. 2,400 மெகாவாட் அணை மட்டும் எழுந்தது. அதே சரவாக், தரை எல்லையைத் தாண்டி மேற்குக் கலிமந்தானுக்கு 2016 முதல் 275 கிலோவோல்ட் மாறுதிசைத் தடத்தில் மின்சாரம் விற்கிறது.

பின்னாளில் குரூண் தடம் இரண்டு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 2018 முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து வழியாக மலேசியாவுக்கு விற்கப்பட்டது. 2022 ஜூனில் அது சிங்கப்பூர்வரை நீண்டு, 100 மெகாவாட் வரையிலான மின்சாரம் நான்கு நாடுகளைக் கடக்கத் தொடங்கியது. லாவோஸின் மின்நிறுவனம் விற்றது, சிங்கப்பூரின் கெப்பல் எலெக்ட்ரிக் வாங்கியது. வழிவிட்ட தாய்லாந்தும் மலேசியாவும் தடக்கட்டணம் பெற்றன.

லாவோஸ் அணையில் உண்டான மின்சாரம்தான் சிங்கப்பூரில் விளக்கெரிக்கிறதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதன் விடை எளிதில் புரியும். பால் கொட்டும் இடத்துக்கு ஒவ்வொருவரும் தம் வாளிகளைக் கொண்டுவருவார்கள். கணக்கெழுதும் கிராணி அதை எடைபோட்டு, மெட்ரோலாக் என்னும் அளவுகருவியை அமிழ்த்தி, அதில் ரப்பர்ச் சத்து எவ்வளவு என்று பார்த்து, அவரவர் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார். அதன்பின் எல்லாப் பாலும் ஒரே தொட்டியில்தான் விழும். இந்த ரப்பர் ஷீட்டில் இருப்பது யார் வெட்டிய பால் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒருவர் பால் மற்றவர் பெயரில் ஏறாது, சம்பளமும் தவறாது. எல்லை தாண்டும் மின்வணிகமும் அப்படித்தான். லாவோஸ் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று தாய்லாந்தின் தொட்டியில் ஊற்றியது. தாய்லாந்து அதே அளவை குலோங் ஙே வழியே நம் தொட்டிக்கு விட்டது. நாம் அதே அளவை ஜொகூரில் சிங்கப்பூருக்கு விட்டோம். எல்லைதோறும் மீட்டர் இருக்கிறது, மீட்டர்தான் கிராணி.

இத்தகைய இணைப்புகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றி நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான ஆற்றல் வீணாகிறது. கடலடி வடம் அறுந்தால் அதைத் தேடித் தூக்கி ஒட்டுவதற்கு மாதக் கணக்காகும்: 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலுள்ள 650 மெகாவாட் வடம் சேதமடைந்தபோது, கப்பல் ஒன்றின் நங்கூரம் இழுத்ததால் என்று சந்தேகம் எழுந்தது, அது சீராக அடுத்த ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று. எல்லாவற்றையும்விடக் கடினமானது நம்பிக்கை. தனக்கே பற்றாக்குறை வரும் நாளில் அண்டை நாடு சுவிட்சை அணைக்காது என்ற உறுதி எழுத்திலும் நடப்பிலும் இருக்க வேண்டும். பாக் நீரிணை குறுகிய கடல்தான். மதுரையிலிருந்து அனுராதபுரம்வரை ஒரு நேர்திசை இணைப்பு வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டும் அது இன்னும் கட்டப்படவில்லை. அதற்கு வேண்டிய பொறியியல் எழுபது ஆண்டுகளாகக் கைவசம் இருக்கிறது. மலேசியாவும் தாய்லாந்தும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்து வாங்கிப் பழகியதால்தான், நான்கு நாட்டு வணிகம் அவற்றின் தடத்தில் ஏற முடிந்தது என்பது என் கருத்து.

குரூண் பக்கம் வருகிறவர்கள் இந்தத் தடத்தை அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி உண்டு. மாறுதிசைக் கோபுரங்களில் கம்பிகள் மூன்று மூன்றாகத் தொங்கும். ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் மூன்று என்று இருப்பதே வழக்கம். நேர்திசைக் கோபுரத்துக்கு இரண்டு வழிகள் போதும்: ஒன்று மின்னோட்டம் போக, மற்றொன்று அது திரும்பி வர. மூன்றின் கணக்கில் அடங்காத கம்பிகளோடு கோபுர வரிசை ஒன்று வடக்கே போவதைக் கண்டால், அது எல்லைக்குப் போகிற தடமாக இருக்கலாம்.

இந்த நேரத்தில் நம் மின்சாரம் அங்கே போகிறதா, அவர்கள் மின்சாரம் இங்கே வருகிறதா என்று என் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பார்த்துச் சொல்ல முடியாது என்றுதான் அவனுக்குச் சொன்னேன். தைரிஸ்டர்கள் ஒரு பக்கமாகவே திறக்கும் என்பதால், கொடுத்தாலும் வாங்கினாலும் கம்பியில் மின்னோட்டம் ஓடும் திசை மாறுவதே இல்லை. மாறுவது அழுத்தத்தின் குறிதான்: கொடுக்கும்போது நேர்க்குறியாக இருந்த கம்பி, வாங்கும்போது எதிர்க்குறியாக மாறிவிடுகிறது.